மூலைக் கட்டத்தில் ஒரு முகம்

கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கம் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு அரிது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது. அங்கிருந்து வருவது போட்டிம் செயலி அழைப்பு. வயதான தாய்மார்கள் அதை எடுத்தால் திரையில் பாதி நெற்றி, மீதி மின்விசிறி. "போனைக் கொஞ்சம் கீழ இறக்கும்மா" என்று மகன் கத்துவான். அவர்களுக்கோ அவன் இளைத்துவிட்டானா என்பதுதான் கவலை. மூலைக் கட்டத்தில் தங்கள் முகமும் தெரிகிறது என்ற நினைப்பே கிடையாது.

பேத்திகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் பெண் பார்ப்பதும் இப்போது போனில்தான். முன்பெல்லாம் பெண் தலை குனிந்து தட்டை நீட்டுவாள். கூடத்தில் எத்தனை பேர் எடைபோட்டாலும் அந்த நேரத்தில் தன் முகம் அவளுக்குத் தெரியாது. (அந்த வழக்கத்தைப் புகழவில்லை, அதுவும் சந்தைதான்.) இப்போது எடைபோடுகிறவர்களோடு அவளும் சேர்ந்துகொள்கிறாள். பதில் சொல்லிக்கொண்டே தன் மூக்கைப் பார்க்கிறாள், நிறத்தைப் பார்க்கிறாள், பல்லை மறைக்கிறாள். எதிரே பேசுகிறவன் எப்படிப்பட்டவன் என்று கவனிக்க அவளுக்கு ஏது நேரம்?

அந்த மூக்கும் அவளுடைய மூக்கில்லை. ஓர் அடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஐந்தடி தள்ளிப் போனால் அந்தக் கோணல் இல்லை. வீடியோ கூட்டங்கள் ஆளைக் களைக்க வைப்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்கள் சொன்னார். ஓயாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அதில் ஒன்று. சிதம்பரம் விடுதிகளிலிருந்து ஊர் திரும்பிய பிள்ளைகள் ஊரடங்கு வகுப்புகளில் கேமராவை அணைத்தே வைத்திருந்ததற்கு நெட் பேக் ஒரு காரணம், பின்னால் தெரியும் பூசாத சுவர் ஒரு காரணம். முகமும் ஒரு காரணம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இதே மண்ணில், மருதூரில் பிறந்து வடலூரில் சபை கண்ட வள்ளலார் தலையோடு வெள்ளாடை போர்த்தி நடமாடியவர். எட்டு முறை படமெடுத்தும் ஆடை மட்டுமே விழுந்தது என்பார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். கருவியில் விழுவதுதான் ஆள் என்று அவர் எண்ணவில்லை என்பது வரை நமக்கும் சம்மதம்.

ஜூமில் தன் படத்தைத் தன் கண்ணிலிருந்து மட்டும் மறைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. அதே ஜூம் தோலை மழமழப்பாக்கவும் வசதி வைத்திருக்கிறது. பலருக்குத் தெரிந்தது இரண்டாவதுதான். பெண் பார்க்கிற அன்று போனை அவள் கையில் கொடுக்காதீர்கள். ஐந்தடி தள்ளி அலமாரியில் சாய்த்து வைத்து, மூலைக் கட்டத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். மாப்பிள்ளையை அவளும் நிதானமாகப் பார்க்கட்டும்.