சாவி கையில், பூட்டு எங்கோ

ஹார்டு டிஸ்க் சொல்லிக்கொண்டு சாவதில்லை. புதியதைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி நிறுவும்போதுதான், காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் வாங்கியவரையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது.

இந்த விசாரணையை வீடுவரை கொண்டுவந்தது 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி. 25 எழுத்துச் சாவி மட்டும் போதவில்லை; பிராசஸர், ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று உறுப்புகளைக் கணக்கெடுத்து, கணினிக்கே ஒரு கைரேகை பதிந்தது. உறுப்புகள் பல மாறினால் நிறுவனத்திடம் மீண்டும் அனுமதி, அதாவது ஆக்டிவேஷன், பெற வேண்டும். திருட்டுப் பிரதியைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் பூட்டை உடைத்த பிரதியைப் பயன்படுத்துபவர் இந்தத் திரையைப் பார்ப்பதே இல்லை; பில் வைத்திருப்பவர்தான் பார்க்கிறார்.

போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ஓர் உரிமத்துக்கு இரண்டு கணினிகள். கணினியை மாற்றுவதற்கு முன் பழையதில் ‘டீஆக்டிவேட்’ செய்ய வேண்டும். செத்த டிஸ்க்கில் எப்படிச் செய்வதாம்?

சரி, அனுமதி தரும் நிறுவனத்தின் சர்வரே செத்துப்போனால்? அதுவும் நடந்தது. போட்டோஷாப் அடங்கிய, 2005-இல் வந்த சிஎஸ்2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை அதன் தயாரிப்பாளரான அடோபி 2012 டிசம்பரில் நிறுத்தியது. பிறகு ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பைத் தரவிறக்கத்துக்கு வைத்தது. இலவசம் என்று ஊரே பாய்ந்தது. ‘உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்று நிறுவனம் விளக்க வேண்டியதாயிற்று.

அந்தக் குழப்பம் வேடிக்கைதான்; ஆனால் அடோபி செய்தது சரி. சர்வரை மூடும் நாளில் பூட்டையும் கழற்றித் தருவோம் என்ற உறுதியை, விற்கும்போதே உரிம ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.