வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் விலை வேறு

தூத்துக்குடிக் கடற்கரையில் வாழும் நமக்கு இருவகைச் செல்வங்கள் தெரியும். ஒன்று முத்து, மற்றொன்று தோணி. முத்துச் சலாபம் இங்கே 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் முத்தின் இயல்பை நம் முன்னோர் நமக்குச் சொல்லிச் சென்றுள்ளனர். ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அது பெட்டியில் அமைதியாகக் கிடக்கும். மாதந்தோறும் தீனி கேட்காது. ஆண்டவர் சொன்ன உவமையிலே வரும் வணிகன் தனக்குள்ளதையெல்லாம் விற்று ஒரே முத்தை வாங்கினான். வாங்கிய பின் அம்முத்து அவனிடம் வேறொன்றும் கேட்டிராது.

தோணியின் இயல்பு வேறு. மரப்பலகையைக் கடற்புழு அரிக்கும். இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து பார்க்க வேண்டும். எண்ணெய் பூச வேண்டும். எஞ்சினைக் கவனிக்க வேண்டும். தண்டலுக்கும் ஆட்களுக்கும் சம்பளம் தர வேண்டும். சரக்கு ஏற்றிக் கடலில் ஓடினாலும் செலவு, பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடந்தாலும் செலவு. ஆனால் தோணி சம்பாதிக்கும். மாலத்தீவுக்கு ஒரு நடை சென்று வந்தால் தன் செலவைத் தானே தாங்கிக்கொள்ளும். அதனாலன்றோ நம்மவர் தலைமுறை தலைமுறையாகத் தோணி வைத்துப் பிழைத்தனர்!

இம்மாதம் இவ்விரண்டையும் நினைவூட்டக் காரணம் உண்டு. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பெரிய வெளிநாட்டுப் பெயர் கொண்ட கார்களை நம் பங்குக் குடும்பங்களில் சிலர் வாங்கத் தொடங்கியுள்ளனர். புதிதாய் வந்தபோது 45 இலட்சம் விலைபோன கார் இன்று 8 இலட்சத்திற்குக் கிடைக்கிறது. “சிறிய புதுக் காரின் விலைக்கு இவ்வளவு பெரிய காரா!” என்று மனம் மயங்குவது இயல்பே. பளபளப்பில் அது முத்தைப் போன்றது. செலவில் அது தோணியைப் போன்றது. ஆனால் தோணியைப் போலச் சம்பாதிப்பதில்லை. இந்த ஒன்றைக் குடும்பத் தலைவர்களும் தலைவியரும் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டுமென்பதே நமது விருப்பம்.

காரின் விலை குறைகிறதே தவிர, அதன் உதிரிப் பாகங்களின் விலை குறைவதில்லை. 8 இலட்சத்திற்கு வாங்கினாலும், பழுது பார்க்கும்போது அது 45 இலட்ச ரூபாய்க் கார்தான். இவ்வகைக் கார்களுள் பல சென்னைக்கு அருகிலும் புனேயிலும் பூட்டப்படுகின்றன என்றாலும், பாகங்களிற் பல வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். சில கார்களில் சக்கரத்திற்கு மேலே இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் உறைகள் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் வெடிக்கும், காற்று கசியும், கசிவை ஈடுகட்டக் காற்றடிக்கும் பம்பு ஓயாமல் ஓடி அதுவும் கருகும். முதலிலேயே உறையை மாற்றியிருந்தால் ஒரு செலவு. தள்ளிப்போட்டால் இரண்டு செலவு. எஞ்சினைக் குளிர்விக்கும் பிளாஸ்டிக் குழாய்களும் அவ்வாறே. நம் ஊர் வெயிலில் அவை மொறுமொறுத்துப் போகும். ஒருநாள் வழியில் உடைந்து தண்ணீர் வடிந்துபோனதைக் கவனியாமல் ஓட்டினால், சில நூறு ரூபாய்க் குழாய்க்காக எஞ்சினையே பிரிக்க நேரும்.

இனி எரிபொருளைப் பார்ப்போம். வேகத்திற்கென்று செய்யப்பட்ட பெரிய எஞ்சின், நகருக்குள் லிட்டருக்கு 7 கிலோமீட்டர் தருவதாகவும், சிறிய கார் 18 கிலோமீட்டர் தருவதாகவும் வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடப் பெரிய காருக்கு ஏறத்தாழ 1,43,000 ரூபாய். சிறிய காருக்கு ஏறத்தாழ 55,500 ரூபாய். மாதத்திற்கு ஏழாயிரத்திற்கு மேல் வேறுபாடு. பல வீடுகளில் அது ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகும்.

காப்பீட்டை நம்பி மனத்தைத் தேற்றிக்கொள்வாரும் உளர். அங்கும் கணக்கு வேறு. காரின் மதிப்பாகக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பது இன்றைய மதிப்பையே. சாதாரணக் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி ஆகியவற்றின் விலையில் பாதி கழிக்கப்படும். பத்தாண்டைக் கடந்த காரின் உலோகப் பாகங்களுக்கும் பாதிதான். அதனினும் முக்கியமான ஒன்று: பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டை மீறினால், கார் முழுவதும் அழிந்ததாகவே கணக்கிடுவர். மதிப்போ 8 இலட்சம். பாகங்களின் விலையோ 45 இலட்ச ரூபாய்க் காருக்கு உரியது. ஆதலால் சிறிய காரில் சில நாட்களில் சரிசெய்யத்தக்க மோதல், இந்தக் காருக்கு முடிவாகிவிடக் கூடும். கடன் வாங்கி வாங்கியவருக்குக் கார் போகும். தவணை மட்டும் நிற்கும்.

அரசுக் கட்டணங்களும் காரின் வயதோடு வளர்கின்றன. 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஆண்டுக்கு 7,897 ரூபாய் என்று 2022இல் நிர்ணயித்தனர். 15 ஆண்டுகள் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதியான காராயின் 40,000. இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டால், 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி அவை முறையே 10,000 ஆகவும் 80,000 ஆகவும் உயர்ந்தன. மாநிலத்தின் பசுமை வரி இதற்குப் புறம்பானது.

நமது மறைமாவட்டத்திற்கே உரிய நிலை ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளிற் பலர் கப்பலில் பணிபுரிகின்றனர். ஆறு மாதமோ ஒன்பது மாதமோ கடலில் உழைத்து, விடுமுறையில் வரும்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கும். பனிமய மாதா திருவிழாவுக்குப் பெரிய காரில் குடும்பத்தை அழைத்துச் செல்ல வேண்டுமென்ற ஆசை எழுவதைக் குறை கூற மாட்டோம். அலைகளுக்கும் எஞ்சின் அறை வெப்பத்திற்கும் இடையே ஈட்டிய பணமல்லவா அது! ஆனால் பெரும்பாலோருக்குக் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கே சம்பளம். காருக்கோ பன்னிரண்டு மாதமும் செலவு.

அவர் மீண்டும் கப்பலேறியபின் அந்தக் கார் எங்கே நிற்கும்? உப்பளக் காற்று வீசும் நம் தெருவில் நிற்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு அரிக்கும் என்பதை உப்பளத் தொழிலாளருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அடித்தட்டு துருப்பிடிக்கும், மின்கம்பிகளின் இணைப்புகளில் பச்சை படரும், பிரேக் தட்டு பற்றிக்கொள்ளும். காரிலுள்ள மின்னணுக் கருவிகள் நிறுத்தியிருக்கும்போதும் சிறிது மின்சாரத்தை உறிஞ்சுவதால் சில வாரங்களில் பாட்டரி அடங்கிவிடும். ஒரே இடத்தில் நிற்கும் டயர் உருமாறும். எலி புகுந்து கம்பியைக் கடிக்கும். இத்தனையும் நேர்ந்தபின், ஓட்டத் தெரியாத தாயோ இளம் மனைவியோ மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகள் கைத்திறத்தில் யாருக்கும் இளைத்தவரல்லர். ஆயினும் இக்கார்களின் மின்னணுப் பகுதிகளைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டும். அது உள்ளூரில் இல்லையேல் மதுரைக்கோ சென்னைக்கோ இழுவை வண்டியில் ஏற்றியனுப்ப நேரும். கணவனின் சம்பளப் பணம் வருமுன் பணிமனைச் சீட்டு வந்துவிடும்; நகை அடகுக்குச் செல்லும். குடும்ப அமைதி குலைவது இப்படித்தான்.

இன்னுமோர் எச்சரிக்கை. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் மாவட்டமே நீரில் மிதந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் அனைத்தும் பழைய இரும்புக்குப் போய்விடுவதில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் ஏலத்தில் விற்பவற்றை வாங்கித் துடைத்து மெருகேற்றி மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருவோர் உண்டு. விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாயிருந்தால், இருக்கைக்கு அடியிலும் விரிப்புக்கு அடியிலும் சேறும் துருவும் உண்டா, இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்தால் கறை தெரிகிறதா என்று பாருங்கள். முந்தைய காப்பீட்டு இழப்பீட்டு விவரங்களையும் கேட்டு வாங்குங்கள்.

திருச்சபையின் அண்மைக்கால வரலாற்றிலும் இப்பொருள் பற்றிய அழகிய நிகழ்ச்சிகள் உள்ளன. 1964 டிசம்பரில் பம்பாயில் நடைபெற்ற அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் வந்திருந்தபோது, அமெரிக்கர் அவருக்கு வழங்கிய வெண்ணிற லிங்கன் கார் ஒன்றில் பவனி வந்தார். திரும்பும்போது அதை அன்னை தெரேசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னை அதை வைத்துக்கொள்ளவில்லை. அதையே பரிசாக வைத்துப் பரிசுச் சீட்டு நடத்தி, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளருக்கான சாந்தி நகர் குடியிருப்புக்குச் செலவிட்டார். விலையின்றிக் கிடைத்த கார்தான். ஆயினும் ஏழைகளின் வீட்டில் அதைக் கட்டித் தீனி போட எங்ஙனம் இயலும்?

திருத்தந்தை பிரான்சிசுக்கு 2017 நவம்பரில் லம்போர்கினி நிறுவனம் தனது அதிவேகக் கார் ஒன்றைப் பரிசளித்தது. அவர் அதனை ஆசீர்வதித்துக் கையொப்பமிட்டு ஏலத்திற்கு அனுப்பினார். 2018 மே மாதம் அது 7 இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. அந்தப் பணம் ஈராக்கின் நினிவே சமவெளியில் வீடிழந்த கிறிஸ்தவர்களுக்கு உதவுவது உள்ளிட்ட அறப்பணிகளுக்குச் சென்றது. அதே திருத்தந்தை, 2013இல் ஓர் இத்தாலியக் குரு கொடுத்த பழைய ரெனோ 4 காரை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார். அது மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய எளிய கார். பழைய கார் என்பதற்காக எவரும் நாண வேண்டியதில்லை. எதை நம்மால் தாங்க முடியும் என்பதே கேள்வி.

பழைய கார் மீது உள்ள அன்பைப் பாவமென்று நாம் சொல்லவில்லை. தாமே பழுது பார்க்கத் தெரிந்து, ஓய்வு நேரத்தை அதில் செலவிட்டு மகிழ்வோரைப் பாராட்டவே வேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்யவும் 2021இல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. அன்றாடப் பயணத்திற்கு அவற்றைப் பயன்படுத்த மட்டும் அந்த விதி இடந்தரவில்லை. நாம் அஞ்சுவது, கணக்குப் பாராமல் பெருமைக்காக வாங்கும் செயலையே. கோபுரம் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று ஆண்டவர் இயேசுவே கற்பித்திருக்கிறார்.

ஆகவே வாங்க எண்ணுவோர் இவ்வாறு செய்க. முன்பணம் கொடுக்குமுன், கணவனும் மனைவியும் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். எரிபொருள், காப்பீடு, பதிவுக் கட்டணம், எண்ணெய் மாற்றுதல், நான்கு டயர், பாட்டரி ஆகியவற்றின் ஓராண்டுச் செலவை எழுதுங்கள். இவற்றின் விலையை விற்பவரிடம் கேளாமல், பணிமனையில் கேட்டு எழுதுங்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காரைச் சோதிக்கச் செய்யுங்கள். அதன்பின், வாங்கும் விலையில் குறைந்தது கால் பங்கை எதிர்பாராத பழுதுக்கென்று தனியே வங்கியில் இட முடியுமா என்று பாருங்கள். முடியுமாயின், மனமகிழ்வோடு வாங்குங்கள். முடியாதாயின், காசு போதவில்லை என்பதே அதன் பொருள். எட்டு இலட்சம் கையில் இருப்பதால் அது மாறிவிடாது.

கடலிலிருந்து வந்த மகனிடம் இதை எடுத்துச் சொல்லத் தாய் தந்தையர் தயங்க வேண்டாம். அவன் ஆசையைப் பழித்துப் பேசாமல், இந்தத் தாளை அவன் கையிலேயே கொடுத்து அவனையே கூட்டச் சொல்லுங்கள். கப்பலில் எண்ணெயையும் நீரையும் ஒவ்வொரு காவல் நேரத்திலும் அளந்து எழுதிப் பழகியவன் அவன். கணக்கைக் கண்டால் அவனே புரிந்துகொள்வான்.