கோமோ ஏரியைச் சுற்றி நடக்க ஒரு திட்டம்



2025-ஆம் யூபிலி ஆண்டில் உரோமைக்குத் திருப்பயணம் சென்றவர்களுள் பலர், அங்கிருந்து அசிசிக்கும் பதுவைக்கும் போய் வணங்கிவிட்டுத் தாயகம் திரும்பினர். நாமோ நம் தமையனாரின் பிடிவாதத்திற்கு இணங்கி, வடக்கே மிலான் நகரையும் கடந்து, மலைகளுக்கிடையே கிடக்கும் ஓர் ஏரியின் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயதினர். கரும்பலகையில் வரைந்து காட்டிய ஏரி ஒன்றையேனும் காலால் நடந்து சுற்றிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. அந்த ஆசைக்காக நாம் எவ்வாறு திட்டமிட்டோம், எங்கே தவறினோம் என்பதையே இத்திங்கள் எழுதுகிறோம்.

கவட்டைக் கோல் ஒன்றைத் தலைகீழாக நட்டுவைத்தாற்போன்ற வடிவுடையது கோமோ ஏரி. வடமுனையில் கோலிக்கோ, தென்மேற்குக் கவட்டின் நுனியில் கோமோ நகர், தென்கிழக்குக் கவட்டின் நுனியில் லெக்கோ. கவடு பிரியும் இடத்தில் பெல்லாஜியோ. கார்தா, மஜ்ஜோரே என்னும் ஏரிகளை அடுத்து இத்தாலியின் மூன்றாவது பெரிய ஏரி இது. பரப்பு 146 சதுர கிலோமீட்டர். ஆழம் 400 மீட்டருக்கும் மேல். பனியாறுகள் குடைந்த பள்ளமாதலால் கரை பெரும்பாலும் செங்குத்தானது. வடக்கே வந்து கலக்கும் அத்தா ஆறு, லெக்கோவில் ஏரியை விட்டு வெளியேறுகிறது.

புறப்படுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே சாப்பாட்டு மேசைமேல் நிலப்படம் விரிக்கப்பட்டது. தமையனார் நூலொன்றை எடுத்து ஏரியின் ஓரத்தை அளந்தார். “ஒரு சுற்று நூற்றெழுபது கிலோமீட்டர், தம்பி! நாளொன்றுக்கு இருபத்தைந்து வீதம் ஏழு நாளில் முடித்துவிடலாம்” என்றார். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரையோரம் நெடுகிலும் செல்வது மோட்டார் சாலை. பல இடங்களில் நடைமேடையும் இல்லை, சுரங்க வழிகளும் உண்டு. நடப்பவர்களுக்கு உரிய பாதைகள் கரைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கின்றன.

அப்பாதைகளைத் தனித்தனியே சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில், லெக்கோவை அடுத்த அப்பாதியா லாரியானாவிலிருந்து கோலிக்கோ வரை செல்வது ‘வழிப்போக்கன் பாதை’. இத்தாலிய மொழியில் செந்தியேரோ தெல் வியாந்தாந்தே என்பர். ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நான்கு நாள் நடை. மேற்கே, கோமோவை அடுத்த செர்னோபியோவிலிருந்து வடக்கே சோரிக்கோ வரை ‘லாரியோ மலைவழி’ ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நீள்கிறது. கோடையில் மாடுகளை ஓட்டிச்சென்று தங்கும் மலைக்குடிகளை இணைப்பது அது. ஊர்களை விட்டு விலகியே செல்கிறது. இரு கவடுகளுக்கும் நடுவே, கோமோவுக்கு மேலுள்ள புருனாத்தே என்னும் சிற்றூரிலிருந்து பெல்லாஜியோவுக்கு முகட்டுப் பாதை ஒன்று உண்டு; அதற்கு இரண்டு நாள் வேண்டும். இவற்றையெல்லாம் கோத்து ஒரு வட்டமாக்கினால் இருநூறு கிலோமீட்டரைத் தாண்டும். பன்னிரண்டு, பதினான்கு நாட்களுக்குக் குறையாது. நமக்கு இருந்ததோ ஏழு நாட்கள்.

ஆகவே முழுச் சுற்றைக் கைவிட்டோம். தமையனாருக்கு மனவருத்தந்தான். கிழக்குக் கரையை முழுமையாக நடப்பது, பின்னர்ப் படகேறி மேற்குக் கரையின் எளிய பகுதி ஒன்றை நடப்பது என்று முடிவாயிற்று. கிழக்குக் கரையைத் தெரிந்துகொண்டதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, இரயில். லெக்கோவிலிருந்து கோலிக்கோ வரை தண்டவாளம் கரையை ஒட்டியே ஓடுகிறது. மந்தெல்லோ, லியெர்னா, வரென்னா, பெல்லானோ, தெர்வியோ என்று பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் கீழே ஒரு நிலையம் உண்டு. கால் ஓய்ந்தால் இறங்கி வண்டியேறிவிடலாம். முதியவர்களோடு நடக்கத் திட்டமிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இத்தாலியில் இரயில் வேலைநிறுத்தங்கள் அடிக்கடி நிகழ்வதால், அவற்றின் முன்னறிவிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்களிலும் வாரநாளாயின் காலை 6 முதல் 9 மணி வரையும் மாலை 6 முதல் 9 மணி வரையும் குறிப்பிட்ட சில வண்டிகள் ஓடும்.

இரண்டாவது காரணம் மான்சோனி. அலெஸ்ஸாந்திரோ மான்சோனி 1827-இல் முதன்முதல் வெளியிட்டு, 1840-க்கும் 1842-க்கும் இடையே திருத்தி நிறைவு செய்த ‘இ புரோமெஸி ஸ்போஸி’ என்னும் நாவல் இந்த லெக்கோக் கரையில்தான் தொடங்குகிறது. மணம் பேசி முடித்த ரென்சோவும் லூசியாவும் ஒரு கொடிய பிரபுவின் சூழ்ச்சியால் பிரிந்து, பஞ்சத்தையும் 1630-ஆம் ஆண்டின் கொள்ளை நோயையும் கடந்து மீண்டும் சேரும் கதை அது. 1628-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் மாலை, பங்குக் குரு ஒருவர் இந்த மலைப்பாதையில் செபப் புத்தகத்தோடு உலாவி வருகையில் பிரபுவின் அடியாட்கள் இருவர் வழிமறிக்கிறார்கள். அவர் அஞ்சி, திருமணத்தை நடத்தி வைக்க மறுத்துவிடுகிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுப் பொது மறைபோதகம் ஒன்றில், திருமணத்திற்குக் காத்திருக்கும் இளையோர் இந்நூலைப் படிக்க வேண்டுமென்று கூறினார். நம் தமையனார் அதை ஆங்கில மொழிபெயர்ப்பில் இருமுறை படித்தவர். அந்தக் குருவின்மேல் அவருக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடங்களின் விவரம் காட்ட வேண்டியிருந்ததால், ஒவ்வோர் இரவும் எங்கே என்பதை முன்னரே உறுதி செய்தோம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பருவத்தைப் பொறுத்தமட்டில், ஏப்ரல் முதல் சூன் வரையும், பின் செப்டம்பர், அக்டோபரும் ஏற்றவை. சூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் மிகுதி. பிற்பகலில் இடியுடன் மழையும் வரும். ஆகஸ்டு 15-ஆம் நாளை ஒட்டி இத்தாலியர் அனைவரும் விடுமுறையில் கிளம்பிவிடுவதால் அறை கிடைப்பது அரிது. நாம் செப்டம்பர் இறுதியைத் தேர்ந்தோம்.

முதல் நாள் நன்றாகவே கழிந்தது. அப்பாதியாவில் இறங்கி, ஒலிவத் தோட்டங்களின் ஊடே, பழைய கல் பாவிய வழியில் நடந்து லியெர்னாவை அடைந்தோம். கீழே மந்தெல்லோ ஊரில் 1921 முதல் மோட்டார் சைக்கிள் செய்துவரும் மோட்டோ குஸ்ஸி ஆலையைக் கண்டதும், வந்த நோக்கத்தையே மறந்து அரைமணி நேரம் நின்றோம். காலையில் வடக்கிலிருந்து திவானோ என்ற காற்றும், நண்பகலுக்குப் பின் தெற்கிலிருந்து பிரேவா என்ற காற்றும் வீசும் என்று படித்திருந்தோம். பிரேவா வந்தவுடன் ஏரியில் பாய்மரங்கள் விரிந்தன. தமையனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

தவறு நேர்ந்தது இரண்டாம் நாளில். லியெர்னாவிலிருந்து வரென்னாவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தாழ்வான வழி. மற்றொன்று ஓர்த்தனெல்லா என்னும் மேட்டுப் புல்வெளி வழியாகச் செல்வது. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 198 மீட்டர். ஓர்த்தனெல்லாவோ 950 மீட்டருக்கும் மேல். அதாவது ஒரே நாளில் எழுநூற்றைம்பது மீட்டர் ஏறி, அவ்வளவும் இறங்க வேண்டும். நிலப்படத்தில் உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கிக் கிடந்ததை நாம் பார்க்காமலில்லை. ஆனால் நம் குறிப்பேட்டில் எழுதியிருந்தது கிலோமீட்டர் மட்டுமே. மணிக்கு முந்நூறு மீட்டர் ஏறலாம் என்பது நல்ல காலுடையவர் கணக்கு. பாதைப் பலகைகளில் எழுதியுள்ள நேரமும் இளைப்பாறும் பொழுதைச் சேர்க்காதது. மேல்வழியைத் தமையனார் விரும்பினார். ‘வேண்டாம் அண்ணா’ என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. முழுச் சுற்றையே ஒருமுறை மறுத்துவிட்டோமே என்ற கூச்சம்.

புறப்படவும் பிந்தியது. ரொட்டி வாங்கக் கடை திறக்கும்வரை காத்திருந்து, பத்தரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் அவர் நமக்கு முன்னே நடந்தார். கஷ்கொட்டை மரக்காட்டில் நுழைந்தபின் நமக்குப் பின்னே வந்தார். ஓர்த்தனெல்லாவை அடைந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அங்கே புனித பேதுருவின் பெயரால் மிகப் பழைய சிறு கற்கோயில் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் சாய்ந்து அமர்ந்தவர், கீழே நீலமாய்க் கிடந்த ஏரியை நோக்கி, “பலகையில் நான் வரைந்தது சரியாகத்தான் இருக்கிறது” என்றார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நாம் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டோம்.

இறங்கும்போதுதான் கால் வீங்கத் தொடங்கியது. ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கமோ மூட்டை வாங்கும். சருகுகள் மூடிய கல்வழியில் பக்கவாட்டாக ஒவ்வோர் அடியாக வைத்தார். ஊன்றுகோல் இருவருக்குமாக ஒன்றுதான். செப்டம்பர் இறுதியில் அங்கே கதிரவன் மாலை ஏழு மணியளவில் மறைகிறான். மரங்களுக்கடியில் அதற்கு முன்பே இருட்டிவிட்டது. அவசர உதவிக்கு 112 என்னும் எண்ணை அழைக்கலாமா என்று கைப்பேசியை எடுத்தோம். “மெதுவாய்ப் போனால் போய்விடலாம். ஆனால் பேசாமல் வராதே, தம்பி, பேசிக்கொண்டே வா” என்றார். என்ன பேசுவது? சிறுவயதில் நம் தந்தையார் செபமாலைக்குப் பின் சொன்ன கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இறங்கினோம். ஒரே கைவிளக்கின் ஒளியில், வரென்னாவுக்கு மேலுள்ள வெத்ஸியோ சிற்றூரின் முதல் தெருவிளக்கைக் கண்டபோது இரவு ஒன்பது மணி.

மறுநாள் காலை விடுதியின் அம்மையார் வீக்கத்தைப் பார்த்துப் பனிக்கட்டி கொண்டுவந்து கட்டினார். நம் நிலப்படத்தை விரித்து, ஓர்த்தனெல்லாவில் விரல் வைத்தார். அங்கிருந்து ஏசினோ என்னும் ஊருக்கு வண்டிச் சாலை இருக்கிறது! கோயிலருகில் இருந்தபோதே ஒரு வாடகைக் காரை வரவழைத்திருக்கலாம். நடக்கும் வழியைச் சிவப்பு மையால் எழுதிய நாம், விலகிப்போகும் வழி ஒன்றையும் குறித்து வைக்கவில்லை. இப்போது அந்தப் படத்தில் சாலைகள், நிலையங்கள், படகுத்துறைகள் யாவும் பச்சை மையால் வட்டமிடப்பட்டுள்ளன. அந்த வேலையைச் செய்தவர் தமையனாரே. நமக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வரென்னாவில் இரண்டு நாள் தங்கினோம். அவர் துறையோரத்தில் அமர்ந்து படகுகளைப் பார்த்திருக்க, நாம் பெல்லானோ வரை தனியே நடந்து வந்தோம். அவர் அடுத்த இரயிலில் வந்து சேர்ந்தார். ஊருக்குத் தெற்கே ஃபியுமெலாத்தே என்றோர் ஆறு இருக்கிறது. பால் ஆறு என்று பொருள். நீளம் 250 மீட்டர்தான். பாறையிலிருந்து நுரைத்துப் பாய்ந்து ஏரியில் விழுகிறது. லெயனார்தோ தா வின்சியும் தம் குறிப்பேட்டில் அதை எழுதி வைத்திருக்கிறார். தெர்வியோவையும் கோலிக்கோவையும், சிஸ்டர்சியன் துறவியர் வாழும் பியோனா மடத்தையும் நாம் காணவில்லை.

ஐந்தாம் நாள் படகேறி மேற்குக் கரையின் கதனாபியாவில் இறங்கினோம். அங்கிருந்து தெற்கே கொலொன்னோ வரை பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ‘பசுமை வழி’ உண்டு. பெரும்பாலும் சமதளம், வில்லாக்களின் தோட்டச் சுவர்களையும் சிறு துறைகளையும் ஒட்டிச் செல்கிறது, எங்கே வேண்டுமானாலும் பேருந்தோ படகோ பிடிக்கலாம். நாம் முதல் நாளே நடந்திருக்க வேண்டிய வழி இதுவே. கால் எவ்வளவு தாங்கும் என்பதை இங்கே அறிந்துகொண்டு, பிறகு மலைக்குப் போயிருக்கலாம். அதை இரண்டு நாளாகப் பிரித்து நடந்தோம்.

அந்த வழியில் ஒசூச்சியோ ஊருக்கு மேலே திருமலை ஒன்று இருக்கிறது. 1635-க்கும் 1710-க்கும் இடையே கட்டப்பட்ட பதினான்கு சிற்றாலயங்கள் ஏற்றப் பாதையில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் செபமாலை மறைபொருள் ஒன்று, ஆளளவுச் சுடுமண் உருவங்களாய். பதினைந்தாவது மறைபொருளுக்கு உச்சியிலுள்ள சகாய அன்னையின் திருத்தலமே இடம். 2003-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அடிவாரத்தில் நின்று, “இது வேண்டாம் அண்ணா” என்று இம்முறை தவறாமல் சொன்னோம். அவர் கேட்கவில்லை. ஆனால் கையில் இரண்டு ஊன்றுகோல்கள் இருந்தன. மணி காலை எட்டு. ஒவ்வோர் ஆலயத்திலும் ஒரு பத்து மணி சொல்லி இளைப்பாறுவது என்று அவரே விதி செய்துகொண்டார். பதினொன்றாம் ஆலயத்தின் படியில் அமர்ந்து, “இன்றைக்கு இது போதும்” என்று அவரே கூறினார். மீதி மூன்றை நாம் தனியே ஏறிப் பார்த்து வந்து, உள்ளே என்னென்ன உருவங்கள் என்று சொல்ல, அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நிலப்படம் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. பெல்லானோவுக்கு வடக்கே கோடு நின்றுவிட்டது. வருகிற கோடையில் மருத்துவர் முழங்காலைப் பார்த்தபின் முடிவு செய்வதாக எழுதியிருக்கிறார். தெர்வியோவிலிருந்து கோலிக்கோ வரை எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம் என்பதை அஞ்சலட்டையின் ஓரத்தில் தனித்தனியே கூட்டிப் போட்டிருந்தார்.