லேசர் புள்ளியை வடிகட்டாதீங்க

ஃபைனல் இயர் வந்தாச்சு, டைட்டில் தேடும் படலமும் ஆரம்பிச்சாச்சு. ப்ராஜெக்ட் சென்டரில் காசைக் கட்டி, யாரோ செய்த கிட்டையும் ரிப்போர்ட்டையும் வாங்கி வந்து வைவாவில் முழிக்கப் போகிற நண்பர்களே, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

சிவப்பு லேசரைச் சுவரில் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் சீராக விழாது. மணல் தூவின மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள் மினுங்கும். இதுதான் ஸ்பெக்கிள். சொரசொரப்பான பரப்பில் பட்டுச் சிதறும் அலைகள் சில இடங்களில் கூடியும் சில இடங்களில் அழிந்தும் போடுகிற குறுக்கீட்டுக் கோலம். லேசரில் படமெடுக்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் வடிகட்டித் தள்ள வேண்டிய இரைச்சல்.

1981-இல் ஃபெர்ச்சர், பிரையர்ஸ் இருவரும் அந்த இரைச்சலையே அளவுகோலாக்கினார்கள். தோலுக்கடியில் ரத்த அணுக்கள் ஓடும்போது புள்ளிகளும் மாறிக்கொண்டே இருக்கும். கேமரா சில மில்லிசெகண்ட் திறந்திருந்தால் போதும், ஓட்டம் உள்ள இடத்தில் புள்ளிகள் கலங்கி மங்கிவிடும். 7×7 பிக்சல் கட்டம் எடுத்து, திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் விடை சின்னதாக வரும் இடத்தில் ரத்தம் வேகமாக ஓடுது. அவ்வளவுதான் கணக்கு. ஊசி வேண்டாம், சாயம் வேண்டாம். பைத்தானில் பத்துப் பதினைந்து வரி.

கைடு "பேஸ் பேப்பர் எங்கே?" என்பார். 1981-ஐக் காட்டினால் "ரீசன்ட்டா இல்லையே" என்பார். (அவரும் பாவம், ரிவியூ கமிட்டிக்குப் பதில் சொல்லணும்.) 2001-இல் எலியின் மூளை ரத்த ஓட்டத்தை இதே முறையில் படமாக்கிய வேலையிலிருந்து ஆரம்பித்துத் தேடுங்கள், இன்றுவரை நிறையக் கிடைக்கும்.

குறைகளையும் சொல்லிடறேன். தோலில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட எட்டாது. 5 முதல் 10 மைக்ரோமீட்டர் அகலமே உள்ள தந்துகிகள் தோல் வழியாகத் தனித்தனியாகத் தெரியாது. அந்தப் பகுதியின் ஓட்டம் கூடுதா குறையுதா என்றுதான் தெரியும். ஆனாலும் அது போதும் என்பது என் கட்சி. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். அவர்கள் கால் புண் ஆறுமா என்பதில் பாதி விஷயம் அங்கே ரத்தம் போய்ச் சேருதா என்பதுதான்.

இன்னொன்று, மெலனின் ஒளியை உறிஞ்சும். வெள்ளைத் தோலில் வந்த எண்ணை அப்படியே நம்ம தோலுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. உங்க கிளாஸில் எத்தனை நிறம் இருக்கு? அதை வைத்தே ஒரு சாப்டர் எழுதலாம்.

முதல் சோதனையாக, லேசரை லென்ஸால் விரித்து, கண்ணில் படாமல் உள்ளங்கையில் விழச் செய்யுங்கள். கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷரை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லைன்னா எல்லாமே வீண். பிபி பார்க்கும் பட்டையை மேல்கையில் கட்டிக் காற்றடித்து, ஒரு நிமிஷம் வைத்து விடுங்கள். ஓட்டம் விழுந்து, விட்டதும் பழைய அளவையும் தாண்டிப் பாய்வது கிராஃபில் தெரியும். வைவாவில் எக்ஸ்டர்னல் கையையே நீட்டச் சொல்லலாம்.