விளம்பரப் பணம் தரலாம், தொழிலாளி என்ற பெயரைத் தர முடியாதாம்!

2024 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மவுத் கல்லூரியில் ஒரு தொழிற்சங்கத் தேர்தல் நடைபெற்றது. வாக்களித்தவர்கள் அக்கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணியைச் சேர்ந்த 15 மாணவர்கள். 13 பேர் சங்கம் வேண்டும் என்றனர். 2 பேர் வேண்டாம் என்றனர். கல்லூரியின் பிற ஊழியர்கள் அங்கம் வகிக்கும் சேவைத் துறை ஊழியர் சங்கத்தின் 560ஆவது கிளையில் இணைவதே அவர்களது விருப்பம். அதே கல்லூரியின் உணவுக்கூடங்களில் வேலை செய்யும் மாணவர்கள் அதற்கு முன்பே சங்கம் அமைத்து ஊதிய உயர்வு பெற்றிருந்தனர். அந்த முன்னுதாரணமும் இவர்கள் கண்முன் இருந்தது.

கல்லூரி நிர்வாகம் சங்கத்துடன் பேசவே மறுத்துவிட்டது. அவ்வாண்டு இறுதியில் டிரம்ப் மீண்டும் ஆட்சிக்கு வருவது உறுதியாகிவிட்டிருந்தது. தேசிய தொழிலாளர் உறவு வாரியத்தின் பெரும்பான்மை மாறினால் நாடு முழுவதுக்கும் பாதகமான தீர்ப்பு வந்துவிடக்கூடும் என்ற நிலையில், டிசம்பர் 31 அன்று சங்கம் தன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே நாட்டில், அதே காலத்தில், கல்லூரி விளையாட்டு வீரர்கள் சிலர் விளம்பரங்கள் மூலம் பெரும் செல்வம் ஈட்டிக் கொண்டிருந்தனர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஒலிவியா டன் சமூக ஊடகப் புகழைக் கொண்டு பல லட்சம் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தங்களைப் பெற்றார். அதற்கு எந்தத் தடையும் இல்லை. விளம்பரத்தில் லட்சங்களை ஈட்ட அனுமதிக்கும் அமைப்பு, 15 மாணவர்கள் சங்கம் வைப்பதைக் கண்டு ஏன் அஞ்சுகிறது?

ஒரு சொல்லின் பின்னணி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிப்பது 1906இல் உருவான தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். என்சிஏஏ என்பது அதன் சுருக்கப் பெயர். 1951 முதல் 1987 வரை அதன் நிர்வாகத் தலைவராக இருந்தவர் வால்டர் பயர்ஸ். ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொல்லை உருவாக்கிப் பரப்பியது அவரது நிர்வாகம்தான்.

1955இல் கொலராடோ மாநிலக் கல்லூரி ஒன்றின் அமெரிக்கக் கால்பந்து வீரரான ரே டெனிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையிடத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவரது மனைவி கோரினார். கல்லூரி கால்பந்து வணிகம் நடத்தவில்லை என்று கூறி 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. வீரர்கள் ஊழியர்களாகக் கருதப்பட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் அந்தச் சொல் உருவாக்கப்பட்டது என்று, பதவி விலகிய பின் 1995இல் எழுதிய நூலில் பயர்ஸே ஒப்புக்கொண்டார். மாணவர் என்றால் கூலி இல்லை. வீரர் என்றால் விபத்து ஆட்டத்தின் பகுதி. இரண்டையும் இணைத்தால் இழப்பீடும் இல்லை!

‘வணிகம் இல்லாத’ இந்த விளையாட்டின் வருமானத்தைப் பாருங்கள். ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமைக்காக மட்டும் சிபிஎஸ், டர்னர் நிறுவனங்கள் 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்பந்தம் செய்தன. பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்ல. அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே. அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் நிக் சேபனின் ஆண்டுச் சம்பளம் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவு வருமானத்தையும் களத்தில் ஈட்டித் தருபவர்களில் பெரும் பகுதியினர் கறுப்பின இளைஞர்கள். அவர்களுக்குக் கிடைத்தது கல்வி உதவித்தொகை மட்டுமே.

‘கல்வியே கூலி அல்லவா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் சங்கம் அமைக்க முயன்றபோது, 2014இல் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் அவர்களது வேலை நேரத்தைக் கணக்கிட்டார். பயிற்சி முகாமில் வாரத்துக்கு 50 முதல் 60 மணி நேரம். போட்டிக் காலத்தில் 40 முதல் 50 மணி நேரம். அவர்கள் ஊழியர்களே என்பது அவரது தீர்ப்பு. ஆனால் 2015இல் வாரியம் இவ்விவகாரத்தில் தலையிட மறுத்து ஒதுங்கிக்கொண்டது. வீரர்கள் அளித்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை.

பெயரும் முகமும் சரக்காயின

தம் பெயரைக் கொண்டு ஒரு டாலர் ஈட்டவும் நெடுங்காலம் வீரர்களுக்கு உரிமை இல்லை. தமக்குக் கிடைத்த நினைவுப் பொருட்களை விற்றதற்காகவும், பச்சை குத்திக்கொள்வதில் சலுகை பெற்றதற்காகவும் 2010இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக வீரர்கள் ஐவர் தண்டிக்கப்பட்டனர். அவர்களது எண் பொறித்த சட்டையைப் பல்கலைக்கழகம் விற்பதற்கோ தடை இல்லை! முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், தன் உருவம் ஒரு வீடியோ விளையாட்டில் தன் அனுமதியின்றி ஓடியாடுவதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் வென்றார். 2019இல் கலிபோர்னியா மாநிலம் வீரர்களின் விளம்பர வருமானத்தை அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. 2021 ஜூனில், ஆல்ஸ்டன் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அடுத்த பத்தே நாளில், ஜூலை 1 முதல், பெயர், உருவம் ஆகியவற்றின் மூலம் வருமானம் ஈட்டுவதற்கான தடை நீங்கியது.

இது வீரர்கள் போராடிப் பெற்ற உரிமை. தன் முகத்தைப் பிறர் விற்றுக் கொழுக்கும்போது வெறும் பார்வையாளனாக நிற்க வேண்டிய நிலை ஒழிந்தது நல்லதே. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் இந்தப் பணம் எதற்கான விலை? புகழுக்கான விலை. வாரம் 50 மணி நேர உழைப்புக்கான கூலி இது அல்ல. பந்தை எறிபவர் முகம் விளம்பரத்தில் வரும். அவரைக் காக்கத் தன் முழங்காலைப் பணயம் வைக்கும் தடுப்பாட்டக்காரரை எந்த நிறுவனமும் தேடி வராது. என்சிஏஏவின் கீழ் விளையாடும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும் ஒப்பந்தம் பெறுபவர்கள் ஒரு சிறு கூட்டமே. காயம் பட்டால், அடுத்த ஆண்டு புகழ் மங்கினால், ஒப்பந்தம் முடிந்துவிடும். ஒவ்வொருவரும் தனித்தனி வணிகராக நின்று நிறுவனத்துடனும் செல்வந்த நன்கொடையாளர்களுடனும் பேரம் பேச வேண்டும். மாணவர் விசாவில் வரும் வெளிநாட்டு வீரர்களுக்கோ வேலை தொடர்பான குடியேற்ற விதிகள் இந்த வாய்ப்பைப் பெரிதும் அடைத்துவிடுகின்றன. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக உயரம் தாண்டி 2018, 2022 ஆண்டுகளில் கல்லூரிகளுக்கிடையிலான சாம்பியன் பட்டம் வென்ற தேஜஸ்வின் சங்கரைப் பின்பற்றி இந்தியாவிலிருந்து அங்கே செல்ல விரும்பும் இளைஞர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

கூட்டு பேரம் இல்லாத சம்பள வரம்பு

2025 ஜூன் 6 அன்று ஒரு சமரசத் தீர்வுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரால் அறியப்படும் வழக்கு அது. முன்னாள், இந்நாள் வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் வழங்கப்படும். கல்லூரிகள் இனி நேரடியாகவே வீரர்களுக்குப் பணம் தரலாம். 2025-26க்கு ஒரு கல்லூரிக்கான உச்ச வரம்பு 2.05 கோடி டாலர். பழைய பாக்கியில் பெரும் பங்கு ஆண்கள் கால்பந்து, கூடைப்பந்து வீரர்களுக்கே செல்வதால் பெண் வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தனர். 600 டாலருக்கு மேற்பட்ட விளம்பர ஒப்பந்தங்களைப் பரிசீலிக்கும் பணி டெலாய்ட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்திலும் கால்பந்திலும் சம்பள வரம்பு உண்டு. ஆனால் அது வீரர்களின் சங்கத்துடன் பேசி, கையெழுத்திட்டு வகுக்கப்படுகிறது. கல்லூரி வீரர்களுக்குச் சங்கம் இல்லை. அவர்களது வரம்பு வழக்கறிஞர்கள் பேசி முடித்த தீர்வில் பிறந்தது. பயிற்சி நேரம், மருத்துவச் செலவு, பட்டம் பெற்ற பின்பும் தொடரும் காயங்களுக்கான சிகிச்சை ஆகியவற்றைப் பேரம் பேசும் மேசையில் வைக்க அவர்களுக்கு ஓர் அமைப்பு இல்லை.

இந்த நிலையை நிரந்தரமாக்கவும் முயற்சி நடக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட ஸ்கோர் மசோதா, விளம்பர வருமானத்தை அனுமதித்துக் கொண்டே, வீரர்களை ஊழியர்களாக வகைப்படுத்துவதைத் தடுக்கிறது. என்சிஏஏவுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பாதுகாப்பும் தருகிறது. பணத்தைக் கொடுத்துவிடலாம், ‘தொழிலாளி’ என்ற சொல்லை மட்டும் கொடுத்துவிடக் கூடாது என்பதே இதன் சாரம். பணம் தனிமனிதனுக்குப் போகும். அடுத்த ஆண்டு நிறுத்தவும் முடியும். ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குப் பின்னால் சங்கம், வேலைநிறுத்தம், இழப்பீடு என அனைத்தும் வரிசையில் நிற்கின்றன. முதலாளித்துவம் அஞ்சுவது அந்த வரிசையைக் கண்டுதான்.

நமக்கும் தெரிந்த தந்திரம்

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. வீடு வீடாகச் சென்று மருத்துவப் பணியாற்றும் ஆஷா ஊழியருக்கு இங்கே ‘தன்னார்வலர்’ என்று பெயர். அவர் பெறுவது ‘ஊக்கத்தொகை’. அங்கன்வாடி ஊழியர் பெறுவது ‘மதிப்பூதியம்’. திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. ஒன்றிய அரசுகள் அதைக் கிடப்பில் போட்டன. வெயிலிலும் மழையிலும் உணவு சுமந்து ஓடும் இளைஞருக்கு ‘பார்ட்னர்’ என்று பட்டம். 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, கிக் தொழிலாளியை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர் என்றே வரையறுக்கிறது. கண்டம் வேறு, களம் வேறு. பெயரைப் பறித்து உரிமையைப் பறிக்கும் முறை ஒன்றே.

எனவே, ‘லட்சங்களில் புரளும் விளையாட்டு வீரர்களுக்கு நாம் ஏன் குரல் கொடுக்க வேண்டும்?’ என்று தோழர்கள் எவரேனும் கேட்டால், டார்ட்மவுத்தை நினைவூட்டுவோம். அங்கே விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. அந்த 13 மாணவர்கள் விளம்பர ஒப்பந்தத்துக்காக வாக்களிக்கவில்லை. தாம் செய்வது வேலை, தாம் தொழிலாளர்கள் என்பதைத் தாமே அறிவிக்க வாக்களித்தார்கள். மனு திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்படவில்லை. ஆஷா ஊழியரும் உணவு விநியோகத் தொழிலாளியும் இங்கே எழுப்பும் முதல் கோரிக்கையும் அதுவே. ஊக்கத்தொகை உயர்வைக் கேட்போம், பெறுவோம். ஆனால் அந்த உயர்வுக்கு ஈடாகத் தொழிலாளி என்ற பெயரை எங்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.