எம்.பி.ஏ. சீட் கிடைத்துவிட்டது, சேரலாமா? பல வருஷ 'கேட்' தயாரிப்புக்குப் பிறகு போட வேண்டிய கணக்கு

மைசூரு இன்ஃபோசிஸ் வளாகத்தில் ட்ரெயினிங் எடுத்தவரா நீங்கள்? அப்படியென்றால் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்கோட்டைக்குப் போயிருப்பீர்கள். சுமார் 50 கிலோமீட்டர்தான். மலை மேல் யோக நரசிம்மர், கீழே கல்யாணி குளம், 'தளபதி' படத்தில் வந்த ராயகோபுரம், கையில் ஒரு பொட்டலம் புளியோதரை. ஊருக்குள் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பங்கள். ராமானுஜர் 12 ஆண்டுகள் தங்கிய ஊர் என்கிறது வைணவ மரபு.

அதே ராமானுஜரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெற ஸ்ரீரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார். 17 முறை வெறுங்கையோடு திரும்பினார். ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே மூன்றாவது, நான்காவது முறையாக கேட் எழுதுகிறவர்களுக்கு இது மனதுக்கு நெருக்கமான கதை.

ஒரே ஒரு வித்தியாசம். அவருக்கு உபதேசம் இலவசம். உங்களுக்கு வந்திருக்கும் ஆஃபர் லெட்டரில் 20 லட்சத்துக்கு மேல் ஒரு தொகை எழுதியிருக்கும். பணம் கட்டச் சில நாட்கள்தான் அவகாசம்.

அந்த நாட்களுக்குள் நீங்கள் போட வேண்டிய கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

முதலில் ஒரு தெளிவு: இது எம்.டெக். சேருவதற்கான கேட் இல்லை, ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட். 2024 நவம்பர் 24 அன்று ஐ.ஐ.எம். கல்கத்தா நடத்திய தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 3.29 லட்சம் பேர். எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம். பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு, ஏறத்தாழ 36,000 பேர் தேர்வு மையத்துக்கே வரவில்லை.

120 நிமிடம், மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொள்குறி வினாவில் தப்பானால் 1 மதிப்பெண் போய்விடும். கடைசியில் கைக்கு வருவது பெர்சன்டைல். அது மதிப்பெண் அல்ல, வரிசையில் உங்கள் இடம்.

2.93 லட்சம் பேரில் 99 பெர்சன்டைல் என்றால் முதல் 2,930 பேருக்குள் இருக்கிறீர்கள். 99.9 என்றால் முதல் 293. 95 பெர்சன்டைல் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உங்களுக்கு முன்னால் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள். அந்த ஆண்டு 100 பெர்சன்டைல் வாங்கியவர்கள் 14 பேர்.

"ரெண்டு கேள்வியில போச்சு" என்று பலரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. மேலே போகப்போக இரண்டு கேள்விகளுக்குள்ளேயே பல நூறு பேர் நெருக்கியடித்து நிற்பார்கள்.

ஏன் வருஷங்கள் நீள்கின்றன?

கேட் மதிப்பெண் மட்டும் சீட் வாங்கித் தராது. ஐ.ஐ.எம். பெங்களூரு உட்பட பல இடங்களில் 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் பணி அனுபவத்துக்கும் தனித்தனி எடை உண்டு. கேட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், 15 வயதில் வாங்கிய மதிப்பெண்ணை மாற்ற முடியாது. மூன்றாவது முறையும் நேர்காணல் அழைப்பு வரவில்லை என்றால், காரணம் உங்கள் உழைப்பாக இல்லாமல் அந்தப் பழைய மார்க் ஷீட்டாக இருக்கலாம். அடுத்த முயற்சிக்கு முன், நீங்கள் குறிவைக்கும் கல்லூரியின் தேர்வு முறையை எடுத்து உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் ஐ.ஐ.எம்.-இல் செல்லாது. உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும், 'கிரீமிலேயர்' வரம்புக்குள் வராதவர் என்று மத்திய அரசின் படிவத்தில் சான்றிதழ் வேண்டும். 27 சதவீத ஒதுக்கீட்டில் உரிமை இருந்தும் தப்பான படிவத்தால் அதை இழந்துவிடாதீர்கள்.

30 ஆயிரத்திலிருந்து 25 லட்சம்வரை

2004 பிப்ரவரியில், அப்போதைய மத்திய மனிதவள அமைச்சர் முரளி மனோகர் ஜோஷியின் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது: ஐ.ஐ.எம். ஆண்டுக் கட்டணம் 1.5 லட்சத்திலிருந்து 30,000 ரூபாயாகக் குறைய வேண்டும். நிறுவனங்களின் தன்னாட்சியில் கைவைப்பதாகப் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. சில மாதங்களில் ஆட்சி மாறியது. புதிய அமைச்சர் அர்ஜுன் சிங் அதைக் கைவிட்டார்.

2008-இல் ஐ.ஐ.எம். அகமதாபாத் இரண்டு வருடப் படிப்புக்கான கட்டணத்தை 11.5 லட்சமாக உயர்த்தியது. ஐ.ஐ.எம். சட்டம், 2017 வந்தபின், கட்டணத்தை முடிவு செய்யும் அதிகாரம் அந்தந்த நிறுவனத்தின் ஆட்சிக் குழுவிடம் இருக்கிறது. இன்று அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஆகிய மூன்று பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடத்துக்குச் சுமார் 25 லட்சம் ஆகிறது.

அதாவது, "ஐ.ஐ.எம். கெடச்சா கண்ண மூடிட்டு சேர்ந்துடு" என்று உங்கள் மாமாவோ பழைய மேனேஜரோ சொன்னால், அவர் காலத்துக் கட்டணத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் காலத்துக்கு அது சரியான அறிவுரை.

ஒரு மாதிரிக் கணக்கு

இதில் வரும் சம்பளங்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வருஷச் சம்பளம் 9 லட்சம். வேலையை விட்டால் இரண்டு வருஷத்தில் 18 லட்சம் போகும். கல்லூரிக் கட்டணம் 22 லட்சம். மொத்த விலை 40 லட்சம்.

படிக்கப் போகாமல் வேலையிலேயே இருந்தால், இரண்டு வருஷம் கழித்துச் சம்பளம் 12 லட்சம் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். புதிய வருமான வரி முறையில் (2025-26 விகிதப்படி) அதற்கு வரி இல்லை.

முதல் நிலை: எம்.பி.ஏ. முடித்து நிலையான சம்பளம் 20 லட்சம். வரி சுமார் 1.92 லட்சம். வரி போக, 12 லட்சத்தைவிடக் கூடுதலாக வருவது வருஷத்துக்குச் சுமார் 6.1 லட்சம். 40 லட்சத்தை மீட்க ஆறரை வருஷம்.

இரண்டாம் நிலை: அதே கட்டணம், நிலையான சம்பளம் 15 லட்சம். வரி சுமார் 98 ஆயிரம். கூடுதலாக வருவது சுமார் 2 லட்சம். மீட்க ஏறத்தாழ 20 வருஷம்.

கடன் வட்டியும், பின்னால் வரும் சம்பள உயர்வும் இதில் சேரவில்லை. எம்.பி.ஏ.வால் பிற்காலத்தில் சம்பளம் வேகமாக ஏறினால் இந்த வருஷங்கள் குறையும். வட்டியைச் சேர்த்தால் கூடும். ஆனாலும் ஒன்று தெளிவு: 20-க்கும் 15-க்கும் இடையே உள்ள 5 லட்சம், உங்கள் வாழ்க்கையின் பத்து வருஷங்களுக்கு மேல் முடிவு செய்கிறது.

இப்போது கவனியுங்கள். இந்தக் கணக்கில் நீங்கள் தயாரிப்புக்குச் செலவழித்த மூன்று வருஷம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. வரவும் கூடாது. கோச்சிங்குக்குக் கட்டிய பணமும், மாக் டெஸ்ட் எழுதிய ஞாயிற்றுக்கிழமைகளும், போகாமல் விட்ட கல்யாணங்களும், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் திரும்பி வராது. "இவ்வளவு படிச்சாச்சு, இனி எப்படி விடறது?" என்பது சேருவதற்குக் காரணம் ஆகாது. பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்றுவிட்டோம் என்பதற்காக வேறு ஊர் பஸ்ஸில் ஏற மாட்டோம் இல்லையா?

இது இரண்டு பக்கமும் பொருந்தும். "மூணு வருஷம் உழைச்சு இந்தக் காலேஜா?" என்று நல்ல சீட்டை விடுவதும் அதே தவறுதான்.

பிளேஸ்மென்ட் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கணக்கின் உயிர்நாடி படிப்புக்குப் பின் வரும் சம்பளம். அந்த எண்ணைத்தான் கல்லூரிகள் ரொம்ப அழகாகக் காட்டும்.

பத்து பேர் கொண்ட ஒரு வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பேருக்குத் தலா 14 லட்சம், ஒருவருக்கு 30, ஒருவருக்கு 78. சராசரி 22 லட்சம். விளம்பரத்தில் வருவது இந்த 22. ஆனால் பத்தில் எட்டு பேர் வாங்குவது 14. வரிசையில் நடுவில் இருப்பவரின் சம்பளம், அதாவது மீடியன், 14 லட்சம்தான். எப்போதும் மீடியனைக் கேளுங்கள்.

அடுத்து, சி.டி.சி.-யைப் பிரித்துப் பாருங்கள். ஐ.ஐ.எம். அகமதாபாத் முன்னெடுத்த பிளேஸ்மென்ட் அறிக்கைத் தரநிலை, உறுதியான ரொக்கம், ஒருமுறை மட்டும் தரும் ஜாயினிங் போனஸ், கிடைத்தால் கிடைக்கும் தொகை என்று தனித்தனியே காட்டச் சொல்கிறது. தணிக்கை செய்த அப்படியோர் அறிக்கை உங்கள் கல்லூரியில் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை?

மூன்றாவது, '100 சதவீதம்' என்றால் எதில் 100 சதவீதம்? மொத்த மாணவர்களிலா, பிளேஸ்மென்ட்டில் கலந்துகொண்டவர்களிலா?

ஒரு நல்ல வருஷத்து அறிக்கையை மட்டும் நம்பவும் வேண்டாம். 2023-24 பருவத்தில் நிறுவனங்கள் ஆளெடுப்பைக் குறைத்தபோது, சில முன்னணிக் கல்லூரிகளே முன்னாள் மாணவர்களிடம் வேலைக்கு உதவி கேட்டதாகச் செய்திகள் வந்தன. கடைசி மூன்று வருஷ மீடியனை வாங்கி, அதில் குறைந்ததை உங்கள் கணக்கில் போடுங்கள்.

கடன் வாங்கினால்?

22 லட்சம், 9 சதவீத வட்டி, 10 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 27,870 ரூபாய். மொத்தம் கட்டுவது 33 லட்சத்துக்கும் மேல். பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் அப்போதும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டத்தில், பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் சேருவோர் பிணையோ ஜாமீன்தாரரோ இல்லாமல் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவில் 8 வருஷம் வரிக்கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை. வங்கி ஏஜென்ட் இதைச் சொல்ல மறந்துவிடலாம்.

சேர்ந்தபின் முதல் 100 நாள்

கணக்குப் போட்டீர்கள், சரிவருகிறது. அப்படியானால் சந்தோஷமாகச் சேருங்கள். ஆனால் கேட் படித்த பழக்கம் உள்ளே பெரிதாக உதவாது. ஜூனில் வகுப்பு தொடங்கினால், பல ஐ.ஐ.எம்.களில் அக்டோபர், நவம்பரிலேயே கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு வந்துவிடும். கல்லூரியில் நீங்கள் இன்னும் எதுவும் சாதித்திருக்காத அந்த நேரத்தில், நிறுவனங்கள் பார்ப்பது உங்கள் பழைய வேலையையும் பழைய மதிப்பெண்களையும்தான்.

அதனால் இப்போது கையில் இருக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள். பழைய வேலையில் நீங்கள் செய்ததை எண்களோடு எழுதிவையுங்கள், தேவையான சான்றுகளை ஆபீஸை விட்டு வெளியே வருவதற்குள் வாங்கிவிடுங்கள். கணக்குப்பதிவியல் படித்ததே இல்லையென்றால் பேலன்ஸ் ஷீட் படிக்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் பொறியாளர்கள் அதிகம் திணறுவது அங்கேதான்.

கணக்கு சரிவரவில்லை என்றால்?

கேட் மதிப்பெண் ஒரு சேர்க்கைப் பருவத்துக்கு மட்டும். ஜிமேட் மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். இன்னும் சில வருஷ அனுபவத்துக்குப் பிறகு ஒரு வருடப் படிப்புக்குப் போனால், இழக்கும் சம்பளம் ஒரு வருஷத்துக்குத்தான். சென்னை ஐ.ஐ.டி.-யின் எம்.பி.ஏ., டான்செட் வழியாக அண்ணா பல்கலைக்கழகம், மைசூரு பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. துறை என்று வேறு வாசல்களும் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே கணக்கைப் போடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கல்லூரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்: கடைசி மூன்று வருஷ மீடியன் நிலையான சம்பளம் என்ன? மொத்த வகுப்பில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? பணம் கட்டியபின் விலகினால் எவ்வளவு திரும்பி வரும்?

பதில் எழுத்தில் வரட்டும். வராவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.