அலமாரியிலே ஒரு கல்லறை

“தொட்டுப் பாருங்கள், தம்பி! நூறாண்டு ஆகியும் ஒரு கீறல் உண்டா? ஒரு விரிசல் உண்டா?”

பெருமிதம் பொங்கக் கேட்டார் அந்தப் பெரியவர். ஓய்வு பெற்ற அதிகாரி, படித்தவர், பண்பாளர், பகுத்தறிவாளர். வீட்டுப் பூசை மாடத்தை என்றோ காலி செய்தவர். அந்த மாடத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே விளக்கும் வைத்திருக்கிறார் இப்போது. அங்கிருந்து எடுத்து என் கையிலே அவர் வைத்தது, ஒரு சாண் உயரங்கூட இல்லாத வெண்பீங்கான் பொம்மை. இலண்டன் ஒயிட்ஹால் தெருவிலே நிற்கும் போர் நினைவுத் தூணின் சிற்றுரு. ‘புகழுக்குரிய மாண்டோர்’ எனும் பொருளிலே ஆங்கில எழுத்து. அதனுடன் வண்ணத்திலே ஏதோ ஒரு கடற்கரை ஊரின் சின்னம். பக்கத்திலே பீங்கான் டாங்கி, பீங்கான் நீர்மூழ்கிக் கப்பல், 1915-இல் சுட்டுக் கொல்லப்பட்ட செவிலி எடித் காவெலின் நினைவுச் சிலை, அதுவும் பீங்கானிலே!

“இன்னும் இரண்டு கிடைத்தால் தொகுப்பு நிறைவு பெறும்” என்றார்.

நிறைவாம், நிறைவு! எது நிறைவு பெறும், தோழர்களே?

அந்தத் தூணின் கதையைக் கேளுங்கள். 1919 சூலை 19-ஆம் நாள் இலண்டனிலே வெற்றி ஊர்வலம். அதற்கென எட்வின் லட்டியன்சு எனும் கட்டடக் கலைஞர் மரத்தாலும் சாந்தாலும் அமைத்த தற்காலிகத் தூண் அது. ஊர்வலம் போயிற்று, மக்கள் போகவில்லை. மகனை இழந்தவள் வந்தாள், கணவனை இழந்தவள் வந்தாள், மலர்க் குவியல் மலையாயிற்று. கலைத்துவிட எண்ணிய தூணைக் கல்லிலே கட்ட வேண்டியதாயிற்று. 1920 நவம்பர் 11-இல் திறந்தனர். ‘செனடாப்’ என்பது அதன் பெயர். கிரேக்க மொழியிலே வெற்றுக் கல்லறை என்பது பொருள். (சென்னையிலே செனடாப் சாலை வழியே நாள்தோறும் போகிறோமே, அங்கே இருந்தது காரன்வாலிசுக்கு எழுப்பிய வெற்றுக் கல்லறை. பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தோடு தங்கிவிட்டது!)

கல் தூண் எழும்பியது. பீங்கான் தூண் கடைக்குப் புறப்பட்டது. இசுடோக் நகரத்திலே வில்லியம் ஹென்றி காசு என்பார் 1858-இல் தொடங்கிய தொழிற்சாலை, ஊர்ச்சின்னம் பொறித்த பீங்கானைச் சுற்றுலா செல்வோருக்கு விற்றுப் பெயர் பெற்றது. போட்டிக்குப் பல சூளைகள் கிளம்பின. போர் நடந்தபோது டாங்கியும் பொம்மை, போர் ஓய்ந்தபோது கல்லறையும் பொம்மை. அச்சு ஒன்றுதான். எந்த ஊர்க் கடைக்குப் போகிறதோ அந்த ஊரின் சின்னம் அதன்மீது ஏறும். இலண்டன் கல்லறை, கடலிலே குளிக்கப் போன ஊரின் நினைவுப் பொருளாக வீடு வந்து சேர்ந்தது!

இதை வாங்கிய எல்லோரையும் ஏசுகிறேன் என எண்ணவேண்டாம். மாண்ட வீரரின் உடலைத் தாயகம் கொண்டுவரக் கூடாது என்று தடை விதித்தது பிரிட்டன். பிரான்சு மண்ணிலே புதையுண்ட மகனின் குழியைக் காணக் கப்பலேற ஏழைத் தாயிடம் பணம் ஏது? அவள் அந்தப் பொம்மையைக் கணப்படுப்பின் மேலே வைத்து, அதன் முன்னே நின்று அழுதிருப்பாள். அவளை நகைப்பவன் மனிதனல்லன். அவள் கண்ணீரைத் துடைத்தெறிந்துவிட்டு, அடிப்பாகத்திலே தொழிற்சாலை முத்திரை இருக்கிறதா என்று பூதக் கண்ணாடி பிடிக்கிறோமே, அந்த இரசனையோடுதான் எனக்கு வழக்கு!

“வரலாற்றைக் காக்கிறேன்” என்கிறார் பெரியவர். எவருடைய வரலாற்றை, ஐயா?

அந்தப் போரிலே பிரிட்டனுக்காகக் கடல் கடந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கும் மேல். மாண்டவர் ஏறத்தாழ 74,000. மாண்டோர் அனைவரையும் பதவி, இனம், மதம் பாராது ஒன்றுபோல் நினைவுகூர்வோம் என்றது 1917-இல் அமைத்த போர்க்கல்லறை ஆணையம். நல்ல கொள்கை! நடந்தது என்ன? பிரான்சிலே, நூவ் சாப்பெல் நினைவிடத்திலே, 4,700-க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்களைப் பொறித்தனர். ஐரோப்பியர் கண் படும் இடமல்லவா! மெசபொடேமியப் பாலையிலே பசுரா நினைவிடத்திலே என்ன செய்தனர்? பிரிட்டிசாருக்குப் பெயர், இந்திய அதிகாரிகளுக்கும் பெயர், சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும். படைப்பிரிவின் பெயரைப் போட்டு, இன்னும் இத்தனை பேர் என்று மூட்டைக் கணக்குப் போலப் பொறித்துவிட்டனர்.

நைரோபியிலே மூன்று ஆப்பிரிக்கர் வெண்கலத்திலே நிற்கின்றனர். 1928-இல் நாட்டிய சிலை. நாட்டுக்காகப் போரிட்டு மாண்டால் உன் பிள்ளைகள் உன் பெயரை நினைப்பர் என்னும் கருத்திலே அதற்கு வாசகம் எழுதித் தந்தவர் கவிஞர் கிப்ளிங். சிலையிலே எத்தனை பெயர்கள் தெரியுமா? மாண்டவர் பெயர் ஒன்றுகூட இல்லை! பெயரை மறைத்துவிட்டுப் பெயரை நினைப்பர் என்று எழுத எவ்வளவு துணிவு வேண்டும்! அவரும் 1915-இல் லூசு போரிலே மகனை இழந்தவர், அவர் சாகும்வரை அந்த மகனின் குழி அடையாளம் தெரியவில்லை என்பதை நினைத்தால் சினத்தோடு இரக்கமும் வருகிறது.

இதெல்லாம் என் கற்பனையன்று. ஆணையமே 2021-இல் ஆய்வறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை. நினைவே கூரப்படாமலும் இருக்கலாம். இதை எந்தப் பீங்கானிலே வார்ப்பது? பெயரே இல்லாதவனுக்கு ஏலத்திலே என்ன விலை?

கல்லைக் கும்பிடாதே என்று மேடைதோறும் பேசுகிறோம். பெரியவர் கும்பிடவில்லை, துடைக்கிறார். நாள் தவறாமல், மெல்லிய துணியால், மூச்சை அடக்கித் துடைக்கிறார். கேள்வி கேளாமல் போற்றுவது பக்தி என்றால், இதற்கு வேறு என்ன பெயர்?

இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம். “அப்படியானால் உடைத்துப் போடட்டுமா?” என்றார். வேண்டாம், ஐயா. உடைப்பதால் ஒருவன் பெயரும் கிடைத்துவிடாது.

தமிழ்நாட்டிலே சில ஊர்களில், சுவரிலே பதித்த ஒரு சிறு கல்வெட்டைக் காணலாம். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்திலே இருக்கும். பெயர்? அங்கும் இல்லை. எங்கள் வட்டாரத்துக் கல்லிலே சென்றவர் 31, மாண்டவர் 4. என் வகுப்பு மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டனர். ஒருவர் பெயர் கிடைத்தது, கொள்ளுப்பேத்தி சொன்னார். இன்னொருவர் வீட்டிலே ‘பட்டாளத்தார்’ என்ற பட்டப்பெயர்தான் மிச்சம். அவர் மாண்டவரா, மீண்டவரா என்பதும் தெரியவில்லை.

தேடுகிறோம். வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு மீண்டும் கிளம்புகிறோம். பெரியவரையும் அழைத்திருக்கிறேன், துடைக்கும் துணியை வீட்டிலே வைத்துவிட்டு, பூதக் கண்ணாடியை மட்டும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். கல்லிலே எழுத்து மங்கிக் கிடக்கிறது.